க்யூ கையில் இருக்கிறது, சாக் எங்கே?

ஆழ்வார்பேட்டையில் நான் ஆடப்போகும் ஸ்நூக்கர் பார்லர் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. கோடை விடுமுறை வந்தால் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அங்கே புதிதாக வந்து சேருவார்கள். க்யூவைப் பற்றி நிறையக் கேட்பார்கள். ஆஷ் மரமா மேப்பிளா, எத்தனை அவுன்ஸ், டிப் ஒன்பது மில்லிமீட்டரா பத்தா, பெட்டி தோலா ரெக்ஸினா. ஆயிரக்கணக்கில் செலவழிக்க வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டிருப்பார்கள். க்யூ நுனியின் தோல் டிப்பில் தேய்க்கும் சாக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மேஜை விளிம்பில் ஒன்று கிடக்கும், எடுத்துத் தேய்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடலாம். அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

கேட்க நிறைய இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கை தொட வேண்டிய பொருள் அது. அப்படிப்பட்ட பொருளுக்கு உடம்பில் நிலையான ஓர் இடம் வேண்டும். கண் தேடாமல், மனம் நினைக்காமல், கை தானாகப் போய் எடுக்கிற இடம். அந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்கு என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன, நம் சென்னை வெயிலுக்கும் வேர்வைக்கும் நம் உடைகளுக்கும் எது ஒத்துவரும் என்று தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சின்னக் கட்டி செய்யும் வேலை

டிப்பும் வெள்ளைப் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதற்குள் வேகம், திசை, சுழற்சி எல்லாவற்றையும் தோல் டிப் பந்துக்குக் கொடுத்தாக வேண்டும். பந்தோ வழவழப்பான ரெஸின். வெறும் தோல் அதன்மேல் வழுக்கும். நடுவில் அடித்தால் வழுக்கினாலும் தெரியாது. பக்கச் சுழற்சியான சைடோ பின்சுழற்சியான ஸ்க்ரூவோ போட நடுவிலிருந்து தள்ளி அடிக்கும்போதுதான் வினை. டிப் பந்தைப் பிடிக்காமல் சறுக்கினால் அதுதான் மிஸ்க்யூ. அந்த ‘டக்’ சத்தம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நன்றாகச் சாக் தேய்த்த டிப்பால் பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் ஏறக்குறைய பாதி தூரம் வரை தள்ளி அடிக்கலாம். ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், எனவே சுமார் 13 மில்லிமீட்டர். பூல் பந்து 57.15 மில்லிமீட்டர், அதில் சுமார் 14. அதைத் தாண்டினால் எந்தச் சாக்கும் காப்பாற்றாது. சாக் தேய்க்காவிட்டால் இந்த எல்லை இன்னும் உள்ளே சுருங்கிவிடும். நீங்கள் கற்றுக்கொண்ட ஸ்க்ரூவும் சைடும் அந்தச் சுருங்கிய வட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன.

ஓர் அடி அடித்ததுமே பந்து தொட்ட இடத்தில் சாக் கொஞ்சம் போய்விடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு அடிக்கும் தேய்க்கச் சொல்கிறோம். மூன்று அடிக்கு ஒரு தடவை தேய்த்தால் போதும் என்று ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சோம்பேறிகள் இல்லை. சாக் மேஜையின் அந்தக் கோடியில் கிடக்கும், அவ்வளவுதான் காரணம்.

மாத்திரை டப்பாவில் தொடங்கிய கதை

க்யூ நுனியில் தோல் வைக்கும் பழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பியவர் பிரான்ஸ்வா மாங்கோ என்கிற பிரெஞ்சு ராணுவக் கேப்டன். தோல் வந்த பிறகுதான் பந்தைச் சுழல வைக்க முடிந்தது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஜான் கார் என்பவர், பந்தைத் திருப்பும் மந்திரப் பொடி என்று சொல்லிச் சாதாரணச் சுண்ணக்கட்டிப் பொடியைச் சின்ன மாத்திரை டப்பாக்களில் அடைத்து விற்றதாக பில்லியர்ட்ஸ் வரலாறுகள் சொல்கின்றன. மந்திரம் என்றது விற்பனைக்காக. டப்பாவில் அடைத்தது நல்ல யோசனை. ஆட்டக்காரர் சொந்தச் சாக்கைச் சொந்தச் சம்படத்தில் எடுத்துப்போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இன்று நாம் தேய்ப்பது பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் சரக்கு இல்லை. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரும், சிகாகோவின் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் சேர்ந்து 1897-இல் காப்புரிமை வாங்கிய கலவையின் வழிவந்தது. சுண்ணாம்பை எடுத்துவிட்டு, மணலில் இருக்கும் சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடு வகைப் பொடியும் சேர்த்துப் பிசைந்து சாயமேற்றிய கட்டி அது. கண்ணுக்குத் தெரியாத கூரான துகள்கள் தோலில் பதிந்து பந்தைப் பற்றுகின்றன. பெரும்பாலும் ஓரம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் இருக்கும் சதுரக் கட்டியாக அது கிடைக்கிறது. இன்றைக்கு விற்கும் பெரும்பாலான உறைகளும் பிடிப்பான்களும் அந்த அளவை வைத்தே செய்யப்படுகின்றன.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்நூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி கறுப்புப் பந்தாட்டத்தில் வேறு நிறப் பந்துகளைச் சேர்த்து ஆடிப்பார்த்தார். அவர் பிறகு நீலகிரிக்கு வந்தார். ஆட்டத்தின் விதிகள் 1880-களின் தொடக்கத்தில் ஊட்டி கிளப்பில் எழுதப்பட்டு, அங்கே பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் தொங்கவிடப்பட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊட்டிக் குளிரில் அந்த விதிகளை வைத்து ஆடியவர்கள் கையில் ஸ்பிங்க்ஸ் கட்டி கிடையாது. அதற்கு இன்னும் பதினைந்து ஆண்டு போக வேண்டியிருந்தது. பழைய சுண்ணக்கட்டியோடுதான், எழுதிவைத்த விதிகளின்படி முதல் ஸ்நூக்கர் ஃப்ரேம்கள் நம் மலையில் ஆடப்பட்டன. தமிழ்நாட்டில் க்யூ பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மார்க்கர் இருந்த காலம்

சென்னையின் பழைய கிளப்புகளில் சாக் யார் பொறுப்பு என்ற கேள்வியே எழாது. மார்க்கர் இருப்பார். புள்ளி சொல்வது, பந்து எடுத்து வைப்பது, ரெஸ்ட்டை நீட்டுவது, ஆட்டம் முடிந்ததும் துணியை பிரஷ் போட்டு இஸ்திரி போடுவது எல்லாம் அவர் கை. நீங்கள் எந்தப் பக்கம் குனியப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, சாக்கை அந்தப் பக்க விளிம்பில் நகர்த்தி வைத்திருப்பார். மவுண்ட் ரோட்டில் காஸ்மாபாலிடன் கிளப் 1873-இல் தொடங்கியது, ஜிம்கானா 1884, நமக்குப் பக்கத்தில் லஸ் சர்ச் சாலையில் மயிலாப்பூர் கிளப் 1903. இந்த ஊரில் மார்க்கர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்திருக்கிறார்கள். ஆட்டத்தின் நுணுக்கங்களை அவர்கள் அளவுக்குக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

எனக்குச் சாக் பற்றிய முதல் பாடம் சொன்னவரும் வயதான ஒரு மார்க்கர்தான். “தம்பி, சாக்கைக் கவுத்துப் போடாதீங்க, மல்லாக்கப் போடுங்க” என்றார். கவிழ்த்துப் போட்டால் தேய்ந்த முகம் மரத்தில் பட்டு நீலப் பொடி அப்பிக்கொள்ளும். அடுத்து வந்து விளிம்பில் கை வைப்பவர் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கித் துணிக்குக் கொண்டுபோவார். துணியிலிருந்து பந்துக்கு, பந்திலிருந்து டிப்புக்கு. மல்லாக்கப் போட்டால் அந்தப் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

இன்றைய பார்லரில் ஐந்தாறு மேஜைக்கு ஒரே தம்பி. டேபிள் டைம் எழுதுவதும் பந்து அடுக்குவதுமே அவருக்குச் சரியாக இருக்கும். மார்க்கர் பார்த்துக்கொண்ட வேலையை இப்போது நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளிம்பில் விட்டால் என்ன ஆகிறது

ஸ்நூக்கர் மேஜை பன்னிரண்டடிக்கு ஆறடி. பாதிச் சுற்று என்றாலே பதினெட்டடி. கறுப்புப் பந்தைச் சுற்றி நன்றாக பிரேக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், சாக் எதிர்க்கோடியில் பழுப்புப் பந்துக்குப் பின்னால் இருக்கிறது. நடந்துபோய் எடுத்துவர மனம் வராது. ‘இந்த ஒரு அடிதானே’ என்று குனிந்துவிடுவோம். சாக்கை எடுக்கப் போனவர்களுக்கும் இன்னொரு சங்கடம் உண்டு. அடிக்கும் கோட்டைப் பார்த்து நின்று மனத்தில் போட்ட கணக்கு, நடந்துவிட்டு வருவதற்குள் கலைந்துவிடும்.

சாக் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடப்பதாலும் தொல்லை வருகிறது. அதன் நடுவில் குழி விழுந்திருக்கும். டிப்பை உள்ளே விட்டுத் திருகித் திருகித் தோண்டிய குழி. அப்படித் தேய்த்தால் டிப்பின் ஓரங்களில் சாக் சரியாகப் படாது, பித்தளை ஃபெரூலில் வளையமாகக் கறை மட்டும் ஏறும். பூல் டிப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர், ஸ்நூக்கர் டிப் ஒன்பது, பத்து. ஸ்நூக்கர் ஆடியவர் தோண்டிய குழிக்குள் பூல் டிப் முழுதாக உட்காராது. பொதுச் சாக்கில் இந்தச் சண்டை ஓயவே ஓயாது.

விதிகளையும் மறக்கக் கூடாது. விளிம்பில் சாக்கை ஒரு குறிபோல வைத்து, அதைப் பார்த்து பேங்க் ஷாட் அடிப்பது பூல் விதிகளின்படி ஃபவுல். ஸ்நூக்கரிலும் ஒரு பொருளை வைத்து இடைவெளியையோ தூரத்தையோ அளப்பது ஃபவுல்தான். நீங்கள் வேண்டுமென்றே வைக்காவிட்டாலும், எதிராளி மனத்தில் சந்தேகம் வரும்படி சாக் கிடப்பது நல்ல ஆட்டத்துக்கு அழகில்லை. சாக் உங்கள் உடம்போடு இருந்தால் இந்தப் பேச்சே வராது.

சட்டைப் பையும் பேன்ட் பையும்

நம் ஊர் ஆண்கள் சட்டையில் நெஞ்சுப் பக்கம் பை இல்லாமல் தைப்பது குறைவு. கையும் பழக்கத்தில் அங்கேதான் போகும். சாக்குக்கு மட்டும் அந்தப் பை வேண்டவே வேண்டாம். ஸ்நூக்கரில் தாடை க்யூவைத் தொடும் அளவுக்குக் குனிகிறோம். அப்போது பையின் வாய் துணியைப் பார்த்துத் தொங்கும். சாக் விழுந்து ஒரு பந்தைத் தொட்டால் ஃபவுல். குறைந்தபட்சம் நான்கு புள்ளி, தொட்டது கறுப்பென்றால் ஏழு. பூலில் நடுவர் வைத்து ஆடும் ஆட்டம் என்றால் வெள்ளைப் பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும். பாட் செய்து சேர்த்த புள்ளியைப் பையிலிருந்து விழுந்த கட்டி தின்றுவிடக் கூடாது.

போட்டிகளில் வெய்ஸ்ட்கோட் போட்டு ஆடும் ஸ்நூக்கர்காரர்கள் அதன் கீழ்ப் பையில் சாக் வைத்துக்கொள்வார்கள். அது உடம்போடு ஒட்டி இருக்கும், வாய் குறுகலாக இருக்கும், குனிந்தாலும் விழாது. சென்னையில் அன்றாடம் ஆடப்போகிறவர்கள் வெய்ஸ்ட்கோட் போடுவதில்லையே. எனவே பேன்ட் பை.

பேன்ட் பை மோசமில்லை. பலர் வாழ்நாள் முழுக்க அப்படியே ஆடியிருக்கிறார்கள். வெறும் கட்டியாக மட்டும் போட வேண்டாம் என்பேன். பையின் துணி சாக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், பொடி உள்ளே சேரும், கைக்குட்டைக்கும் கைப்பேசிக்கும் ஏறும். வேர்வை இருந்தால் இன்னும் மோசம். மே மாதத்தில் டி.டி.கே. சாலையில் வண்டியை விட்டுவிட்டு மாடி ஏறுவதற்குள் பேன்ட் பை வரைக்கும் நனைந்திருக்கும். ஈரம் பட்ட சாக் டிப்பில் சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான்.

பேன்ட் பைதான் வசதி என்றால் ரப்பரோ சிலிகானோ செய்த உறை ஒன்று வாங்குங்கள். சாக்கின் மேல்முகம் தவிர ஐந்து பக்கமும் மூடியிருக்கும். விலையும் பெரிதில்லை. கையில் கறை படாது, கட்டியின் ஓரம் உடையாது. தோலில் தைத்த சின்னப் பையும் கிடைக்கிறது. பார்க்க அழகு, நாள்பட உழைக்கும். ஆனால் மூடியைத் திறந்து மூட இரண்டு கையும் வேண்டியிருக்கும் பையை வாங்காதீர்கள். ஒரு கையில் எப்போதும் க்யூ இருக்கிறது.

பையே இல்லாத உடை

இதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பேன்ட் பை இருப்பதாக வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். பெண்களின் உடையில் பெரும்பாலும் பை கிடையாது. குர்த்தியில் இருக்காது, லெகிங்ஸில் இருக்காது, இருந்தாலும் இரண்டு விரல் நுழையும். ஆடவரும் பெண்கள் வேறு வழியில்லாமல் சாக்கை விளிம்பில் விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நடக்கிறார்கள்.

2025 நவம்பரில் தோஹாவில் ஹாங்காங்கின் இங் ஆன் யீயை வென்று ஐ.பி.எஸ்.எஃப். உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டத்தை எடுத்து வந்தவர் நம் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன். எதிரே நின்ற இங் ஆன் யீ மகளிர் உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவர். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பார்லருக்கு அம்மா அப்பாவோடு பெண் பிள்ளைகள் வருவதைப் பார்க்கிறேன், மனம் நிறைகிறது. அவர்களுக்கு முதல் நாளே இடுப்பில் மாட்டும் காந்தப் பிடிப்பான் ஒன்றைக் கொடுங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உடை எதுவானாலும் அது வேலை செய்யும்.

காந்தப் பிடிப்பான்

இப்போது ஸ்நூக்கர் உலகத்தில் அதிகம் காணப்படுவது இதுதான். இரண்டு துண்டு. ஒன்று சாக் உட்காரும் ரப்பர் கிண்ணம், அடியில் காந்தம் அல்லது இரும்பு வில்லை. மற்றொன்று பெல்ட்டிலோ இடுப்புத் துணியிலோ கவ்வும் கிளிப், அதில் எதிர்க் காந்தம். கையை இறக்கினால் சாக் விரலில் வரும். தேய்த்துவிட்டு இடுப்புப் பக்கம் கொண்டுபோனால் தானே ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். பார்க்கத் தேவையில்லை. கண் பந்தை விட்டு நகராது. இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக இதைச் சொல்வேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. காந்தம் மிகவும் வலுவாக இருந்தால் பிடுங்கும்போது பெல்ட்டும் சேர்ந்து வரும். வலு குறைவாக இருந்தால் மேஜை ஓரத்தில் இடித்ததும் சாக் கீழே உருளும். கிளிப் அகலமாக இருக்கட்டும், குறுகிய கிளிப் மெல்லிய துணியில் சுழலும். கிண்ணம் சதுரச் சாக்குக்கா வட்டச் சாக்குக்கா என்றும் பாருங்கள். சிகாகோ ட்வீட்டன் நிறுவனத்தின் ட்ரையாங்கிள், மாஸ்டர் போன்றவை சதுரம். பின்லாந்தின் டாவோம் சாக் வட்ட வடிவத்தில் வருகிறது. ஜப்பானின் கமூயி அறுகோணக் கட்டியும் செய்கிறது. ஒன்றுக்கான கிண்ணத்தில் மற்றொன்று நிற்காது.

கையால் செய்துகொள்ள விரும்பினால் அதுவும் கடினமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் பிரிப்பவர்களிடம் அதற்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் கிடைக்கும். சாக்கின் அடித்தாளில் இரும்பு வாஷர் ஒன்றை நல்ல பசையால் ஒட்டுங்கள், காந்தத்தைத் தையற்காரரிடம் கொடுத்து ஒரு பட்டைத் துணிக்குள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தக் காந்தங்களை மார்புக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. எங்கள் பார்லரில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய ஆடுகிறார்கள், அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

கயிறும் மற்றவையும்

அடையாள அட்டை மாட்டும் சுருள் கயிறு எல்லா ஐ.டி. கம்பெனிக்காரர்களிடமும் இருக்கிறது. அதன் நுனியில் சாக்கை மாட்டிக்கொள்ளும் பிடிப்பான்களும் விற்கின்றன. இழுத்தால் நீளும், விட்டால் சுருண்டு இடுப்புக்குப் போகும். தொலைந்துபோகாது என்பது பெரிய நன்மை, சிறுவர்களுக்கு ஏற்றது. மேஜைமேல் நன்றாகச் சாய்ந்து அடிக்கும்போது கயிறு தளர்ந்து தொங்கிப் பந்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நீளம் குறைந்த கயிறாக எடுங்கள்.

பூல் ஆடுகிறவர்களுக்கென்றே பேனாவைப் போல் பையில் குத்திக்கொள்ளும் உருளைப் பிடிப்பான்கள் இருக்கின்றன. கனமான குழாய்க்குள் சாக் உட்கார்ந்திருக்கும், வாய்ப்பக்கம் திறந்திருக்கும். பூலில் ஸ்நூக்கர் அளவுக்குத் தாழக் குனியாமல் ஆடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இது வசதி. ஸ்நூக்கர்காரர்களுக்கு உலோகக் குழாய் இடுப்பில் உறுத்தும்.

வீட்டிலிருந்து பார்லர் வரை எடுத்துப்போக மூடியுள்ள சம்படம் நல்லது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பழைய மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருக்கிறார். இன்னொருவர் எவர்சில்வர் விபூதிச் சம்படம். திருகுமூடி இருப்பதால் மழை நாளிலும் சாக் காய்ந்தே இருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தையும் உள்ளே போட்டு வைக்கலாம். க்யூ பெட்டிக்குள் சாக்கை வெறுமனே போட்டால் மரமெல்லாம் நீலமாகிவிடும். சம்படம் அதையும் தடுக்கும்.

நாகஸ்வரக்காரர்களைப் பாருங்கள். மாற்றுச் சீவாளிகளையும் ஊசியையும் நூலில் கட்டி வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். வாசிப்பின் நடுவில் எழுந்துபோய்த் தேட முடியாத பொருளை எங்கே வைக்க வேண்டும் என்று அந்த மரபு எப்போதோ முடிவுசெய்துவிட்டது. க்யூவில் எதையும் கட்டித் தொங்கவிட முடியாது, எடை மாறிவிடும். நமக்கு அந்த நூல் இடுப்பில் இருக்கிறது.

உடம்பில் எந்த இடம்

பிடிப்பானை வாங்கியதும் பெல்ட்டின் முன்பக்கத்தில் மாட்டிவிடாதீர்கள். வலது கைக்காரர் நிற்கும்போது இடது கால் முன்னால் வருகிறது, இடது இடுப்பு மேஜையை ஒட்டுகிறது. அந்தப் பக்கம் சாக் இருந்தால் மரத்தில் இடிக்கும், பளபளப்பு கீறும். வலப்பக்கம், பேன்ட்டின் பக்கவாட்டுத் தையலுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துப் பாருங்கள். குனிந்து மெதுவாகப் பல தடவை க்யூவை முன்னும் பின்னும் விட்டுப் பாருங்கள். முழங்கையோ மணிக்கட்டோ எங்கேயும் படக் கூடாது. இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு எப்போது தேய்ப்பது என்பதையும் நிலையாக்கிக்கொள்ளுங்கள். நான் சொல்லும் வரிசை இது. அடிக்கும் பந்துக்குப் பின்னால், அடிக்கும் கோட்டிலேயே நில்லுங்கள். சாக்கை எடுங்கள். டிப்பின் ஓரங்களில் பெயின்ட் பிரஷ்ஷைப் போல மெல்லத் தடவுங்கள், தடவும்போது க்யூவைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். கண் அந்த நேரமெல்லாம் பந்துகளின்மேல் இருக்கட்டும். வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். சாக் இடுப்பில் ஒட்டும் சத்தம் கேட்டதும் குனியுங்கள். குனிந்த பிறகு யோசனை கிடையாது. பதற்றமான ஃப்ரேமில் இந்த வரிசை உங்களைத் தாங்கிப்பிடிக்கும். இதயம் வேகமாக அடித்தாலும் கை தன் வேலையைத் தன் வேகத்தில் செய்யும்.

துணிக்கும் மற்றவர்களுக்கும்

சொந்தச் சாக் கொண்டுபோகிறவர்களுக்குப் பொறுப்பும் கூடுகிறது. பச்சைத் துணி மேஜையில் பச்சைச் சாக், நீலத் துணி மேஜையில் நீலச் சாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறினால் ஒவ்வொரு அடியும் துணியில் புள்ளி வைக்கும். பிரஷ் போட்டாலும் நூலிடுக்கில் போன பொடி முழுதாக வராது. சாக்கை மேஜைக்கு மேலே பிடித்துத் தேய்க்காதீர்கள், ஓரடி விலகி நின்று தேய்த்தால் பொடி தரையில் விழும். அளவுக்கு மேல் அப்பிக்கொள்ளவும் வேண்டாம். உதிர்ந்த துகள் இரண்டு பந்துகளுக்கு நடுவில் சிக்கினால் பந்து திடுக்கென்று துள்ளித் திசை மாறும், அதைத்தான் ‘கிக்’ என்கிறோம். டாவோம் போன்ற புதிய சாக்குகளுக்கு மவுசு வந்ததற்கு அவை பந்திலும் துணியிலும் அதிகம் படியாததும் ஒரு காரணம். விலை அதிகம். தொடங்குகிறவர்களுக்கு ட்ரையாங்கிள் போதும்.

எதை வாங்கலாம்

இப்போதுதான் ஆட வந்திருக்கிறீர்கள் என்றால் ஒரு ட்ரையாங்கிள் கட்டி, ஒரு ரப்பர் உறை, பேன்ட் பை. தொடர்ந்து ஆடுவது என்று முடிவெடுத்துவிட்டால் காந்தப் பிடிப்பான். பை இல்லாத உடையில் ஆடுகிறீர்கள் என்றால் முதல் நாளிலிருந்தே காந்தப் பிடிப்பான். சிறு பிள்ளைகளுக்கு நீளம் குறைந்த சுருள் கயிறு. மழைக்காலத்தில் எல்லோருக்கும் திருகுமூடிச் சம்படம்.

பார்லர் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சாக் போடுவதற்குப் பதிலாக, புதிதாகச் சேரும் பிள்ளை கையில் ஒரு கட்டியும் உறையும் கொடுத்துவிடுங்கள். மாதக் கட்டணத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. தன் பொருள் என்றால் குழி தோண்ட மாட்டார்கள், கவிழ்த்துப் போட மாட்டார்கள், உங்கள் துணியும் கூடுதல் நாள் தாங்கும். க்யூ பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில் சாக் இருக்க வேண்டிய இடத்தையும் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை முதல் ஃப்ரேமிலிருந்தே ஒவ்வொரு அடிக்கும் தயாராகிக் குனியும். ஆட்டத்தில் முன்னேறுகிறவர்களின் முதல் அடையாளம் அந்தத் தயார்நிலைதான்.